கோப்பு எங்கே போயிற்று? பேஜ்மேக்கர் காலத்துத் தமிழ் நூல்களும் முன்னிருப்புக் கோப்புறைகளும்

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதியோர் ஓலையிலிருந்து தாளுக்கு மாறிய காலத்தைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். சி.வை.தாமோதரம் பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்த கதை நமக்குப் பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமாகிவிடுகிறது. ஈய எழுத்திலிருந்து கணினிக்கு மாறிய காலத்தைப் பற்றியோ நம்மிடம் குறிப்புகள் குறைவு. அது நேற்றைய சங்கதி, ஆவணங்கள் எங்கும் போய்விடா என்னும் நம்பிக்கை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் வந்த தமிழ் நூல்கள் மிகப் பல பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில் பக்கம் கட்டப்பட்டவை. அந்தக் கோப்புகள் இன்று எங்கே என்று தேடப் புகுந்தால், மிகச் சிறியதொரு கேள்வியில் வந்து நிற்கிறோம்: 'சேமி' என்று சொன்னபோது கணினி அதை எந்தக் கோப்புறையில் வைத்தது?

எழுத்துப் பெட்டியிலிருந்து கணினிக்கு

ஈய எழுத்துக் காலத்து அச்சகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெட்டியில் ஓர் அறை இருந்தது. அச்சுக்கோப்பவர் பெட்டியைப் பாராமலேயே ககரத்தையும் கொம்பையும் எடுத்துக் கோப்பார். அச்சாகி முடிந்ததும் கோத்த பக்கத்தைக் கலைத்து, எழுத்துகளை அதனதன் அறையில் திரும்பப் போட்டாக வேண்டும். இல்லையேல் மறுநாள் வேலைக்கு எழுத்து இராது. ஆகவே கோத்த வடிவம் பெரும்பாலும் நிலைத்து நிற்பதில்லை. மறுபதிப்பு என்றால் அச்சிட்ட பிரதியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கோக்க வேண்டியதுதான். நூலைக் காக்கும் பொறுப்பு முழுவதும் தாளிடம் இருந்தது. ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வந்தது. கோவையிலிருந்து 'வானம்பாடி' 1971-இல் பறக்கத் தொடங்கிற்று. கொங்கு மண்ணின் இவ்விரண்டு ஆக்கங்களையும் நாம் இன்று படிக்க முடிகிறதென்றால், யாரோ சிலர் வீட்டு அலமாரியில் தாள் இருந்தது என்பதே காரணம்.

கணினி வந்தபோது இந்த நிலை மாறும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஒருமுறை தட்டச்சு செய்துவிட்டால் போதும், எத்தனை பதிப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதே டி.டி.பி. தொழிலின் முதல் வாக்குறுதி. பேஜ்மேக்கர் 1985-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆல்டஸ் நிறுவனத்திலிருந்து, முதலில் மெக்கிண்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. நிறுவனர் பால் பிரெய்னர்ட். 'டெஸ்க்டாப் பப்ளிஷிங்' என்ற தொடரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. நிறுவனத்துக்கு அவர் சூட்டிய பெயர், கையடக்கப் பதிப்புகளைப் பரப்பிய வெனிஸ் நகரத்துப் பழைய அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸின் பெயர். 1994-இல் ஆல்டஸ் அடோபி நிறுவனத்தோடு இணைந்தது. 1996-இல் 6.5 பதிப்பும் 2001-இல் 7.0 பதிப்பும் வந்தன. 2004-இல் அடோபி பேஜ்மேக்கரை மேலும் வளர்ப்பதை நிறுத்திக்கொண்டது. தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகளில் அதன் ஆயுள் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீண்டது.

மூன்று இடங்களில் கிடந்த ஒரு நூல்

பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தால் தமிழ் தெரிகிறது. ஆனால் கோப்பினுள் தமிழ் இல்லை. பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக்கொண்டு வேலையை நடத்தின. பாமினி எழுத்துருவில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கிறது. ஸ்ரீலிபி, வானவில் என்று ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அடுக்குமுறை வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியேற்றங்களைத் தமிழக அரசு தரப்படுத்திய பிறகும் கடைகளில் பழைய பழக்கமே தொடர்ந்தது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஒரு நாவல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கும்.

ஆக, பேஜ்மேக்கர் காலத்து நூல் ஒன்று மூன்று இடங்களில் கிடந்தது. பக்கம் கட்டிய கோப்பு ஓரிடம். எழுத்துரு வேறிடம், அது விண்டோஸுக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறை. படங்கள் இன்னோரிடம், பெரிய படங்களைப் பேஜ்மேக்கர் தனக்குள் வைத்துக்கொள்ளாமல், அவை இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளலாம். 'வேறு பெயரில் சேமி' என்னும் கட்டளையின் சாளரத்தில், இணைத்த கோப்புகளையும் உடன் நகலெடுத்து வைக்கும் வசதி இருந்தது. ஆனால் அது தானாக நடப்பதன்று, கேட்டால்தான் நடக்கும்.

முன்னிருப்பு என்னும் வழக்கம்

நாம் எதுவும் சொல்லாதபோது மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் இடமே முன்னிருப்புக் கோப்புறை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. விண்டோஸ் 3.1, 95 காலச் செயலிகள் பலவற்றில், 'சேமி' என்றதும் முதலில் வந்து நின்றது செயலி நிறுவப்பட்ட கோப்புறையே. கவிதைத் தொகுப்பும் செயலியின் உறுப்புகளும் ஒரே அறையில் குடியிருந்தன. செயலியை நீக்கிவிட்டு அதன் கோப்புறையையும் சேர்த்து அழித்தபோது கவிதைகளும் போயின. விண்டோஸ் 98-இல் 'மை டாக்குமென்ட்ஸ்' பரவலாயிற்று. 2001-இல் வந்த எக்ஸ்பி அதை ஒவ்வொரு பயனரின் பெயருக்கும் கீழே கொண்டுபோய் வைத்தது. இவை எல்லாம் 'சி' வட்டிலேயே இருந்தன என்பது கவனிக்க வேண்டிய செய்தி. வைரஸ் புகுந்தாலும் கணினி மெதுவானாலும் பழுதுபார்ப்பவர் முதலில் கைவைப்பது 'சி' வட்டில்தான். ஃபார்மட் செய்த மறுகணம் ஆவணங்களும் எழுத்துருக்களும் ஒருங்கே மறையும். வேலையை 'டி' வட்டில் போடு என்று பல கடைகளில் சொல்லிக்கொடுத்தது இதனால்தான். அந்தப் பாடம் சொல்லப்பட்ட கடைகளின் கோப்புகளே இன்று ஓரளவு எஞ்சியிருக்கின்றன. அங்கும் எழுத்துருக்கள் 'சி'யோடு போயின.

2007-இல் விஸ்டா வந்தபோது இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று நேர்ந்தது. செயலிகள் இருக்கும் 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில் சாதாரணப் பயனர் எழுதுவதை அது தடுத்தது. பழைய செயலிகள் அங்கே எழுத முயன்றால் பிழை சொல்லாமல், அந்தக் கோப்பைப் பயனரின் மறைவான கோப்புறை ஒன்றுக்குள், 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்னும் இடத்துக்கு, ஓசையின்றித் திருப்பிவிட்டது. சேமித்தவருக்குச் செயலியின் உள்ளே கோப்பு தெரியும். அதே கோப்புறையைக் கணினியின் வேறு பயனர் திறந்து பார்த்தால் இராது. விண்டோஸ் 7-லும் அதற்குப் பின்னும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. பழைய கணினிகளிலிருந்து கோப்புகளை மீட்கப் புகுவோர் தேடவேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

மேட்டுப்பாளையம் போன்ற ஊர்களில்

இந்தச் சங்கதியின் முழுக் கனத்தையும் பெருநகரப் பதிப்பகங்களை வைத்து அறிய முடியாது. அங்கே ஓரளவு ஆளும் அமைப்பும் உண்டு. மேட்டுப்பாளையம் போன்றதோர் ஊரை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே டி.டி.பி. கடை இலக்கியத்துக்காகத் திறக்கப்படுவதில்லை. நீலகிரி உருளைக்கிழங்கு வந்திறங்கும் மண்டிகளுக்குப் பில் புத்தகம், காரமடை அரங்கநாதர் மாசித் தேருக்கு நோட்டீஸ், வனபத்ரகாளியம்மன் கோயில் ஆடிக் குண்டத்துக்கு அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை - இவையே அன்றாட வேலை. இவற்றுக்கு நடுவில்தான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் செய்யுள் நூலோ, கல்லூரி மாணவர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்போ, ஒரு குலத்தின் கோயில் வரலாறோ பக்கம் கட்டப்படும். எல்லாம் ஒரே கோப்புறையில் சேரும். பழைய எட்டெழுத்து வரம்பின் பழக்கத்தில் 'புக்1', 'புக்2', 'நியூ', 'பைனல்' என்று பெயர் சூட்டப்படும். பத்திரிகை முடிந்தால் அழிக்கலாம், நூலை அழிக்கக்கூடாது. கோப்புறையைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. வட்டில் இடம் தீரும்போது இரண்டும் ஒன்றாகவே அழிக்கப்படும்.

தாள் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அச்சிட்ட ஒரு பிரதி இருந்தால் நூல் முற்றாக அழிந்ததாகாது. ஆனால் இத்தகைய நூல்கள் சில நூறு பிரதிகளே அச்சாகின்றன. உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்துத் தீர்கின்றன. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போகவேண்டும். தாமே அச்சிட்டுக்கொள்ளும் சிற்றூர் எழுத்தாளர்கள் பலருக்கு அப்படியொரு கடமை இருப்பதே தெரியாது. தவிரவும் அச்சட்டம் அச்சிட்ட புத்தகத்தைக் கேட்டதேயன்றி, அதை உண்டாக்கிய கோப்பைக் கேட்கவில்லை. தாளிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்தால் செலவும் புதிய பிழைகளும் சேர்ந்தே வரும். அச்சேறாத நூல்களோ கோப்பாக மட்டுமே வாழ்ந்தவை. பணம் சேராமல் பக்கம் கட்டிய நிலையிலேயே நின்றுபோன அத்தகைய நூல்களுக்குத் தாள் சாட்சியும் இல்லை.

இது சிற்றூர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1086-இல் இங்கிலாந்தில் தொகுக்கப்பட்ட 'டூம்ஸ்டே' நிலக்கணக்கேடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அதன் தொள்ளாயிரமாம் ஆண்டை ஒட்டி பி.பி.சி. 1986-இல் லேசர் வட்டுகளில் வெளியிட்ட புதிய தொகுப்பைப் படிக்கும் கருவிகள், பதினைந்தே ஆண்டுகளில் அரிதாகிவிட்டன. ஆய்வாளர்கள் 2002 வாக்கில் தனி முயற்சி எடுத்தே அதை மீட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி.

2010, கோயம்புத்தூர்

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. உடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. மாநாடு தொடங்கிய ஜூன் 23 என்னும் தேதியிட்ட அரசாணை ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. ஒருங்குறி சரிவர இயங்காத இடங்களுக்கு டேஸ்-16 என்னும் குறியேற்றத்தையும் உடன் ஏற்றது. இந்த இரண்டாவது ஏற்பாட்டின் பின்னே இருந்தது பதிப்புத் துறையின் நெருக்கடியே. ஒருங்குறியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும், திரையில் முன்னால் காட்டப்படவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரிந்த பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் அப்போது அரிது. இன்டிசைனில் இந்திய எழுத்துகளுக்கான ஆதரவு 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் முறையாக அமைந்தது. ஆகவே கோவையில் தரம் அறிவிக்கப்பட்ட ஆண்டிலும் அதற்குப் பின்னும் அச்சான நூல்கள் பல, பழைய எழுத்துருக்களிலேயே சேமிக்கப்பட்டன. மாற்ற வேண்டியவற்றின் அளவு நாம் நினைப்பதைவிடப் பெரியது.

பெட்டி மாறும் இடம்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் இரண்டு பாதைகள் சந்திக்கும் இடம். சமவெளியிலிருந்து வரும் அகலப் பாதை இங்கே முடிகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் திறக்கப்பட்ட மீட்டர் பாதை இங்கே தொடங்குகிறது. சென்னையிலிருந்து வருபவர் எவ்வளவு பெரியவராயினும் இங்கே இறங்கித் தம் பெட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு மலை ரயிலில் ஏறவேண்டும். பழைய கோப்பை மாற்றுவதும் இப்படித்தான். அதில் இறங்கி ஏறும் நிலையங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை.

பேஜ்மேக்கர் 5 கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் அதைப் பேஜ்மேக்கரின் பிந்தைய பதிப்பில் திறந்து சேமிக்க வேண்டும். பின்னர் அதை இன்டிசைன் சி.எஸ்.6 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் திறக்கலாம். அதன் பின் வந்த பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பை ஏற்பதில்லை. திறந்தது புதிய ஆவணமாக நிற்கும். அதற்கொரு இடமும் பெயரும் கொடுக்க வேண்டும். பிறகு எழுத்தை ஆர்.டி.எஃப். ஆக வெளியே எடுத்து, பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றி ஒன்றின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு 'சேமி' உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் தனக்கென ஒரு முன்னிருப்பு உண்டு. முதலாவது தன் சொந்தக் கோப்புறையைக் காட்டும், இரண்டாவது கடைசியாகத் திறந்த இடத்தைக் காட்டும், உலாவி 'டவுன்லோட்ஸ்' என்னும். இன்றைய விண்டோஸில் 'டாக்குமென்ட்ஸ்' என்று நாம் நினைப்பது மேகக் கிடங்கின் கோப்புறையாகவும் இருக்கக்கூடும். வேலை முடிந்த பிறகு ஒரே அத்தியாயம் நான்கு இடங்களில் கிடக்கும். மெய்ப்புப் பார்த்தது எது என்று கேட்டால் விடை இராது. பாடபேதம் என்று நம் முன்னோர் அழைத்தது ஓலையோடு முடிந்துவிடவில்லை.

மொத்தமாக மாற்றும்போது ஆபத்து இன்னும் பெரிது. லிப்ரெஆபிஸ் 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. ஒரு கட்டளையில் நூறு கோப்புகளை மாற்றவும் செய்யும். சேமிக்கும் இடத்தைக் குறிப்பிடாவிட்டால், கட்டளை கொடுத்த கோப்புறையிலேயே எல்லாவற்றையும் கொட்டும். அங்கே அதே பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமல் அதன்மேல் எழுதும். பத்து நூல்களில் 'அத்தியாயம்1' என்று பத்துக் கோப்புகள் இருந்தால், இறுதியில் எஞ்சுவது பத்தாவது நூலின் முதல் அத்தியாயம் மட்டுமே. பிழைச் செய்தி எதுவும் வராது.

ஏட்டின் இறுதிக் குறிப்பு

இதற்குத் தீர்வு கடினமானதன்று. மதுரைத் திட்டம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு.கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய அத்திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாறிற்று. மாற முடிந்ததற்குக் காரணம் எளிது. எல்லா நூல்களும் ஒரே குறியேற்றத்தில், ஒரே இடத்தில் இருந்தன. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும் உள்ளிட்டவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்ற குறிப்பு இருந்தது. ஓலையில் எழுதியவர்கள் ஏட்டின் கடைசியில் ஆண்டும் மாதமும் எழுதி, இன்னார் எழுதி முடித்தது என்று குறித்துவைத்த மரபின் தொடர்ச்சியாகவே அதைக் கொள்ளவேண்டும்.

பழைய கோப்புகள் கைக்குக் கிடைத்தால் நாம் செய்யத் தக்கவை சில. மூலத்தை அப்படியே நகலெடுத்து, படிக்க மட்டும் இயலுமாறு பூட்டிவைக்க வேண்டும். நூலுக்கொரு கோப்புறை, அதற்குள் மூலம், இடைநிலை, முடிவு என மூன்று உட்கோப்புறைகள். எந்தச் செயலியைத் திறந்தாலும் அதன் முன்னிருப்பை முதலில் இந்த இடத்துக்கு மாற்றிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும். நூலின் எழுத்துருவை நூலோடு சேர்த்தே வைக்க வேண்டும். இடைநிலைக் கோப்பு எழுத்துருவின் பெயரைத் தாங்கும் வடிவத்தில் இருப்பது நல்லது. வெற்று எழுத்தாக எடுத்தால் எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. நூலில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிப் பொருளற்ற எழுத்துச் சரமாக்கிவிடும். கடைசியாக, கோப்புறையில் ஒரு சிறு குறிப்பு: நூலின் பெயர், ஆசிரியர், எழுத்துரு, மாற்றிய நாள், மெய்ப்புப் பார்த்தவர்.

இந்தக் குறிப்பை எழுத ஐந்து நிமிடம் போதும். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அப்படிப் பக்கம் கட்டிய கணினிகள் சில இன்னும் கடைகளின் பரண்களில் இருக்கக்கூடும். பழைய இரும்புக்காரர் எடைபோட்டு எடுத்துச் செல்வதற்கு முன் அவற்றின் 'டி' வட்டை ஒருமுறை திறந்து பார்ப்பது, இலக்கியத்தில் அக்கறையுள்ள நம்மைப் போன்றவர்களின் வேலையாகவே இருக்கிறது.